கேட்டால்தான் கட்டு நகரும்

"கட்டு வரலைங்க" என்று பெஞ்ச் கிளார்க் சொல்லிவிட்டால் அன்றைக்கு அந்த வழக்கு நடக்காது. வாதி விடியற்காலையிலேயே பஸ் ஏறி வந்திருப்பார். சாட்சி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார். இரு தரப்பு வக்கீல்களும் கோட்டு மாட்டிக்கொண்டு தயாராக நிற்பார்கள். நீதிபதியும் ஆசனத்தில் இருப்பார். இருந்தும் வாய்தாதான். நாடா போட்டுக் கட்டிய அந்தக் காகிதங்கள் மேசைக்கு வந்து சேராமல் விசாரணையில் ஒரு வரிகூட ஏறாது.

நீதித்துறை நிர்வாகம் என்றதும் நமக்கு நீதிபதிகள் நியமனமும் கொலீஜியமும்தான் நினைவுக்கு வருகின்றன. பத்திரிகைகளும் அதைத்தான் எழுதுகின்றன. ஒரு மாநிலத்தின் நீதிமன்றங்கள் எப்படி நடக்கின்றன, அவற்றை யார் கண்காணிக்கிறார்கள், அந்தக் கண் எங்கே படுகிறது, எங்கே படாமல் போகிறது என்று தெரிய வேண்டுமானால் ஒரு கட்டின் பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டும். தஞ்சாவூர் மாவட்டத்தில் ஏதோ ஒரு தாலுகா ஊர் முன்சீப் கோர்ட்டில் போடப்படும் வேலித் தகராறை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக் கொல்லைக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டு நாலு சென்ட் இடத்தை வளைத்துக்கொண்டார். அந்த இடம் எனக்குப் பாத்தியப்பட்டது என்று விளம்புகை செய்து சுவாதீனத்தை மீட்டுத் தர வேண்டும் என்பது பிராது. தமிழ்நாட்டு சிவில் கோர்ட்டுகளில் அன்றாடம் நடமாடும் வழக்கு. கட்சிக்காரர்கள் யாராகவும் இருக்கலாம். கட்டு போகும் பாதை ஒன்றுதான்.

கட்டு பிறப்பது ஃபைலிங் பிரிவில். பிராது, வக்காலத்து, ஆவணப் பட்டியல், பட்டா நகல், வில்லங்கச் சான்று, 1962-ம் வருஷத்துக் கிரயப் பத்திரம் என்று வரிசையாக வைத்துத் தருகிறார் வக்கீல் குமாஸ்தா. கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்பு ஒட்டியிருந்தால் அதன் தலை உருவத்தில் துளை போட வேண்டும். தொகை அச்சிட்ட பகுதி கெடக் கூடாது. வெட்டி விழுந்த துணுக்கை எரித்தோ வேறு வகையிலோ அழித்துவிட வேண்டும் என்றுகூடச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரே ஸ்டாம்பு இன்னொரு பிராதில் ஏறிவிடக் கூடாதல்லவா? கட்டணத்தை இணையவழி கட்டும் இந்தக் காலத்தில் இந்தத் துளைக்கு வேலை குறைந்துவிட்டது. ஆனால் நீதிமன்ற நிர்வாகம் எதனால் ஆனது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. யாரோ ஒருவர் ஒரு தப்பை முன்கூட்டியே யோசித்து, அதற்கு ஒரு விதி எழுதி, அந்த விதியைத் தினமும் செய்ய ஓர் ஊழியரை உட்கார வைத்திருக்கிறார்.

பிராதைச் சரிபார்த்து, குறை இருந்தால் 'ரிட்டர்ன்' போடுவார்கள். சொத்து விவரத்தில் நான்கு எல்லை சரியில்லை, மதிப்பீடு காட்டவில்லை, பிரதிவாதிக்குக் கொடுக்க நகல் போதவில்லை என்று பென்சிலிலோ பேனாவிலோ குறிப்பு எழுதித் திருப்பிவிடுவார்கள். வக்கீல் சரிசெய்து திரும்பத் தாக்கல் செய்வார். எல்லாம் ஒழுங்கானதும் நம்பர் ஆகும். அசல் வழக்கு எண் இத்தனை என்று பதிவேட்டில் ஏறிய பிறகுதான் அந்தக் காகிதங்கள் ஒரு வழக்கு. இப்போது அதோடு பதினாறு எழுத்தும் எண்ணும் சேர்ந்த சி.என்.ஆர். எண் ஒன்றும் கிடைக்கிறது. அதைக் கைப்பேசியில் தட்டினால் அடுத்த வாய்தா தேதி தெரியும். வக்கீல் வீட்டுத் திண்ணையில் காத்திருந்து தேதி கேட்டுப்போன தலைமுறைக்கு இதன் அருமை புரியும்.

இந்தக் கட்டைத் தொடும் ஒவ்வொரு கையும் யாருடையது? சிரஸ்தார், தலைமை எழுத்தர், உதவியாளர், தட்டச்சர் எல்லோரும் தமிழ்நாடு நீதி அமைச்சுப் பணியாளர்கள். இளநிலை உதவியாளரும் தட்டச்சரும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதி வருகிறவர்கள். சிவில் நீதிபதிகளுக்கும் தேர்வாணையம்தான் தேர்வு நடத்துகிறது. ஆளுநர் பெயரில் நியமனம். சம்பளம் மாநில அரசின் கருவூலத்திலிருந்து. கட்டடம் கட்டுவது பொதுப்பணித் துறை. ஆனால் அந்த நீதிபதியை எந்த ஊருக்கு மாற்றுவது, விடுப்புத் தருவது, பதவி உயர்த்துவது, தப்பு செய்தால் விசாரிப்பது எல்லாம் உயர் நீதிமன்றத்தின் கையில். அரசமைப்பின் 235-வது பிரிவு இந்தக் கட்டுப்பாட்டைக் கொடுக்கிறது. கட்டுப்பாடு என்றால் ஒழுங்கு நடவடிக்கையும் சேர்த்தா என்ற சந்தேகம் மேற்கு வங்கத்து வழக்கொன்றில் எழுந்தபோது, சேர்த்துத்தான் என்று 1966-ல் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. இந்த ஒரு ஏற்பாடு இல்லையென்றால் அரசுக்கு எதிராக வழக்கை விசாரிக்கும் முன்சீப்பை அந்த அரசே ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஊருக்குத் தூக்கியடிக்கலாம். பணப்பை ஒரு கையில், பிடி இன்னொரு கையில் என்ற ஏற்பாட்டால் ஒரு சாதாரண ஜெராக்ஸ் மிஷின் வாங்கவே கோப்பு இரண்டு பக்கமும் அலைகிறது என்பது உண்மை. அந்த விலை கொடுத்தாலும் இது காப்பாற்றப்பட வேண்டிய ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன்.

கட்டுக்கு உயிர் வருவது சம்மன் அனுப்பும்போது. சம்மன் கொண்டுபோகும் செலவான பேட்டாவைக் கட்டியதும் சம்மன் நாசர் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து அதைச் சேர்ப்பிக்கும் அமீனா கைக்குப் போகிறது. அமீனா சைக்கிளை விட்டு மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டார், வேலை மாறவில்லை.

"ஏம்மா, வீட்டுக்காரர் இருக்காரா?"

"வெளியூர் போயிருக்காருங்க."

"எப்ப வருவாரு?"

"தெரியலைங்களே."

இந்த நாலு வரியில் ஒரு வாய்தா போய்விடும். மறுபடி பேட்டா, மறுபடி சம்மன். கடைசியில் கதவில் ஒட்டி, சாட்சி வைத்து எழுதிய அறிக்கை கட்டில் சேரும். எதிர்வழக்குரை போட 30 நாள், மிஞ்சினால் 90 நாள் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் கணக்கு தொடங்குவதே சம்மன் கைக்குப் போன பிறகுதான்.

பிறகு வாய்தாக்கள். ஒரு தரப்புக்கு மூன்று தடவைக்கு மேல் வாய்தா கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 17-வது கட்டளையில் இருக்கிறது. கட்டின் மேலே இருக்கும் டாக்கெட் தாளைப் புரட்டினால் அந்த விதி எந்த அளவுக்கு மதிக்கப்படுகிறது என்று தெரியும். வாதி தரப்பு அவகாசம். பிரதிவாதி வக்கீல் உடல்நிலை சரியில்லை. கமிஷனர் அறிக்கை வரவில்லை. நீதிபதி விடுப்பு. வக்கீல்கள் புறக்கணிப்பு. ஒவ்வொரு வரிக்கும் ஒரு தேதி, ஒரு சுருக்கொப்பம். பல கையெழுத்துகள், பல மை நிறங்கள். கோடை விடுமுறையை ஒட்டி வரும் மாறுதல் பட்டியலில் பழைய நீதிபதி வேறு ஊருக்குப் போயிருப்பார். புதியவர் வந்து கட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். யாரையும் குறை சொல்லவில்லை. ஒரே நாளில் தன் முன் நிற்கும் கட்டுகள் அத்தனையையும் கேட்டு முடிக்க எந்த மனிதராலும் முடியாது. மக்கள்தொகையில் 10 லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று 1987-லேயே சட்ட ஆணையம் சொல்லி, 2002-ல் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. நாடு அந்த எண்ணின் பாதியைக்கூட இன்னும் எட்டவில்லை.

சாட்சி விசாரணை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வாதி கூண்டில் ஏறுகிறார். 1962-ம் வருஷத்துக் கிரயப் பத்திரம் வெளியே வருகிறது. மடித்த இடங்களில் கிழிசல், பின்னால் செலோ டேப். வக்கீல் அதைக் காட்டிக் கேட்கிறார், எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கவில்லை. அதன்மேல் ஒரு முத்திரை விழுகிறது. வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், யார் தாக்கல் செய்தது, என்ன தேதி எல்லாம் எழுதி நீதிபதி சுருக்கொப்பம் இடுகிறார். அந்த நொடியிலிருந்து அதன் பெயர் வா.சா.ஆ. 1, அதாவது வாதி தரப்புச் சான்றாவணம் 1. அறுபது வருஷமாக ஒரு குடும்பத்தின் டிரங்குப் பெட்டியில், வேட்டிக்கு அடியில் கிடந்த பத்திரம் இனி அரசின் பொறுப்பில். அதைத் தொலைத்தால் யார் பதில் சொல்வது என்பதற்கும் ஒரு பதிவேடு இருக்கிறது.

பதிவேடு என்றதும் கண்காணிப்புக்கு வந்துவிடுகிறோம். எந்தெந்தப் பதிவேடு வைக்க வேண்டும், அதில் என்னென்ன பத்தி இருக்க வேண்டும் என்பதை முன்சீப் கோர்ட்டு தீர்மானிப்பதில்லை. 1816-ல் தாமஸ் மன்றோவின் சீர்திருத்தத்தில், கிராமத்து ஜனங்களுக்குப் பக்கத்திலேயே வழக்குத் தீர்க்க மாவட்ட முன்சீப் பதவி உண்டானது. 1861-ல் வந்த உயர் நீதிமன்றச் சட்டம் கீழ்க்கோர்ட்டுகள் மீது மேற்பார்வை அதிகாரம் கொடுத்தது. 1862 ஆகஸ்ட் 15-ல் சென்னை உயர் நீதிமன்றம் வேலை தொடங்கியபோது அந்த அதிகாரமும் அதன் கைக்கு வந்தது. கணக்கு விவரம் கேட்டு வாங்கலாம், விதி வகுக்கலாம், புத்தகமும் பதிவும் எந்தப் படிவத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லலாம். கிட்டத்தட்ட அதே வாசகம் இன்று அரசமைப்பின் 227-வது பிரிவாக இருக்கிறது. சாம்ராஜ்யம் போய்க் குடியரசு வந்தும் மாறாத சில விஷயங்களில் இதுவும் ஒன்று. முன்சீப் கோர்ட்டில் எழுதப்படும் 'ஏ' டைரி, 'பி' டைரி எல்லாம் இந்த அதிகாரத்தின் வழி வந்தவை.

நடைமுறையில் அது இப்படி வேலை செய்கிறது. மாதம் முடிந்ததும் எத்தனை வழக்கு வந்தது, எத்தனை முடிந்தது, எத்தனை நிலுவை, அதில் ஐந்து வருஷம் தாண்டியது எத்தனை என்று அறிக்கை மேலே போகிறது. முதன்மை மாவட்ட நீதிபதி தன் மாவட்டத்துக் கோர்ட்டுகளை ஆண்டாய்வு செய்கிறார். ஆய்வு தேதி வந்துவிட்டால் அலுவலகத்தில் விளக்கு அணையாது. விட்டுப்போன பதிவுகளை முடித்து, நாசர் கணக்கைச் சரிபார்த்து, சொத்து அறையில் கிடக்கும் பொருளுக்குச் சீட்டு ஒட்டி, அலமாரியின் மேல் ஏறிவிட்ட கட்டுகளை இறக்கி அடுக்குவார்கள். அதற்கும் மேலே, ஒவ்வொரு மாவட்டத்தையும் பார்த்துக்கொள்ள உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர். போர்ட்ஃபோலியோ ஜட்ஜ் என்பார்கள். நீதிபதிகள் பற்றிய ரகசியக் குறிப்பு, புகார்கள், மாறுதல் எல்லாம் அந்த வழியாகப் போகும். தலைமைப் பதிவாளரின் கீழ் நிர்வாகத்துக்கு, நீதி நடவடிக்கைக்கு, கண்காணிப்புக்கு என்று தனித்தனிப் பதிவாளர்கள். நேர்மையைக் காப்பதில் இந்தக் கட்டமைப்பு சாதித்திருப்பது கொஞ்சமல்ல.

எனக்குள்ள வருத்தம் வேறு இடத்தில். மேலிருந்து கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எத்தனை முடித்தாய்? முடிக்கும் வழக்குகளுக்கு மதிப்பெண் போல யூனிட் உண்டு. ஒரு நீதிபதி மாதத்துக்கு இத்தனை யூனிட் காட்டியாக வேண்டும். ஒருதரப்புத் தீர்ப்பும் வாபஸும் சுலபமாக முடியும். இருபது சாட்சி உள்ள பாகப்பிரிவினை வழக்கு மாதக்கணக்கில் ஆளைத் தின்னும். யூனிட் கணக்கில் அதற்குக் கூடுதல் மதிப்பு கொடுத்தாலும், மாறுதலுக்கு மூன்று மாதம் இருக்கும்போது அதைக் கையில் எடுக்க யாருக்கு மனம் வரும்? நம் வேலித் தகராறுக் கட்டு இந்த இடத்தில்தான் அலமாரியில் குடியேறுகிறது.

பொறுமை இழந்த வாதி வக்கீலைக் கேட்கிறார். வக்கீல் ஒரு வழி சொல்கிறார். 227-வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு சிவில் சீராய்வு மனு. இந்த வழக்கை இத்தனை மாதத்தில் முடிக்கச் சொல்லி உத்தரவு வாங்கிவிடலாம். இப்படிப்பட்ட மனுக்கள் ஏராளம். உத்தரவு வந்ததும் அந்தக் கட்டு மேலே வருகிறது. அதற்குக் கீழே இருந்த கட்டு இன்னும் கீழே போகிறது. உயர் நீதிமன்றம் நிர்வாகப் பக்கத்தில் தானாகக் கேட்க வேண்டிய கேள்வியை, காசு செலவழித்து மனுப் போட முடிந்தவர் கேட்க வைக்கிறார். முடியாதவர் வரிசையில் நிற்கிறார். இது நியாயமில்லை என்பதை நீதிமன்றத்தில் உள்ளவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

ஒருவழியாகத் தீர்ப்பு வந்துவிட்டது. நாலு சென்ட் வாதிக்குத்தான் என்று முன்சீப் சொல்லிவிட்டார். பதினைந்து நாளில் தீர்ப்பாணை எழுதப்பட வேண்டும். கட்டு இப்போது நகல் பிரிவுக்குப் போகிறது. நீதிமன்றத்துக்குள் நான் மிகவும் மதிக்கும் இடம் இது. நகல் பிரிவில் 'ரீடர்', 'எக்ஸாமினர்' என்று இரண்டு பதவி இருக்கிறது. ஒருவர் அசலை வாய்விட்டுப் படிக்கிறார். "பட்டுக்கோட்டை ரோட்டுக்குக் கிழக்கு, கமா, வாய்க்காலுக்கு மேற்கு, கமா, சர்வே நம்பர் நூத்தி இருபத்தேழு பை ரெண்டு ஏ, முற்றுப்புள்ளி." மற்றவர் நகலில் விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகத் தொடர்ந்து போகிறார். 2ஏ என்பது 2பி ஆகிவிட்டால் அமீனா வேறொருவர் கொல்லையில் போய் நிற்பார். ஃபேன் சத்தத்துக்கு நடுவே நாள் முழுக்கப் படிக்கும் அந்தக் குரல் இல்லாமல் எந்த மேல்முறையீடும் இல்லை. 2024-ல் மாவட்ட நீதிமன்றங்களுக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் அறிவித்த 2,329 காலியிடங்களில் ரீடர், எக்ஸாமினர், முதுநிலை கட்டளை நிறைவேற்றுநர் பணியிடங்களும் இருந்தன. இத்தனை நாற்காலி காலியாகக் கிடந்தது என்றால் எத்தனை கட்டு அந்த நாற்காலிகளுக்கு முன்னால் காத்துக் கிடந்திருக்கும்! நகல் தயாராக ஆகும் நாள்களை மேல்முறையீட்டுக் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. கெடு தப்பிக்கும், கட்சிக்காரரின் வயசு திரும்பி வராது.

பிரதிவாதி சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீடு போடுகிறார். கட்டு பெரும்பாலும் அதே வளாகத்தில் இன்னொரு மாடிக்கு ஏறுகிறது. அங்கும் வாதிக்கே வெற்றி. இரண்டாவது மேல்முறையீட்டுக்கு மதுரை. 2004 ஜூலை 24-ல் மதுரைக் கிளை தொடங்கும்வரை தென்மாவட்டத்துக் கட்டுகளும் கட்சிக்காரர்களும் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. கன்னியாகுமரியிலிருந்து ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்து, எழும்பூரில் இறங்கிக் குளித்துவிட்டு, கோர்ட்டுக்குப் போனால் "பாஸ்ஓவர்", "அடுத்த வாரம்" என்று கேட்டுத் திரும்பியவர்கள் எத்தனை பேர். அந்தக் கிளைக்காக வக்கீல்களும் மக்களும் நடத்திய நெடும் போராட்டத்தின் பலனை நம் கட்டு அனுபவிக்கிறது.

மதுரையில் கட்டு மொழி மாறுகிறது. 1976-ல் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி, மாவட்ட நீதிமன்றங்களும் அவற்றுக்குக் கீழுள்ளவையும் தமிழில் சாட்சியம் பதிந்து தமிழில் தீர்ப்புச் சொல்ல வழி செய்தார்கள். உயர் நீதிமன்றத்தில் அரசமைப்பின் 348-வது பிரிவுப்படி ஆங்கிலம். தமிழில் கொடுத்த சாட்சியமும் தமிழில் எழுதிய கிரயப் பத்திரமும் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு, டைப்டு செட் ஆகக் கட்டப்படுகின்றன. "அண்டை பாத்தியம்", "வாரி", "பொலி" என்று பத்திரத்தில் உள்ளதை யாரோ ஒரு இளம் வக்கீல் அவசரமாக மொழிபெயர்க்கிறார். அந்தக் காகிதங்களின் சொந்தக்காரர் தன் வழக்கு தன் முன்னாலேயே நடக்கும்போது விளங்காமல் நிற்கிறார். உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று சட்டமன்றம் 2006-ல் தீர்மானம் போட்டது, ஒப்புதல் கிடைக்கவில்லை. கிடைக்கத்தான் வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் சிலையாக இருக்கும் திருவாரூர் முத்துசாமி ஐயர் கிராமத்துக் கணக்கு வேலையில் தொடங்கி, தரங்கம்பாடி முன்சீப்பாக இருந்து, அந்த நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானவர். முன்சீப் கோர்ட்டின் மொழி உயர் நீதிமன்றத்துக்கு அந்நியம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இரண்டாவது மேல்முறையீட்டில் சட்டம் சார்ந்த முக்கியமான கேள்வி இருந்தால்தான் விசாரிக்கலாம் என்பது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 100-வது பிரிவு. நம் வேலியில் அப்படி ஒன்றும் இல்லை. தள்ளுபடி ஆகிறது. கட்டு ஊருக்குத் திரும்புகிறது.

வழக்கு முடிந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். மேலே போன கணக்கிலும் அது எப்போதோ 'முடிந்த' வழக்கு. வேலி மட்டும் நகர்ந்த இடத்திலேயே இருக்கிறது. இனி நிறைவேற்று மனு. புது எண், புது நோட்டீஸ், அமீனா, சர்வேயர், போலீஸ் பாதுகாப்புக்கு ஒரு மனு. எதிராளியின் மைத்துனர் தனக்கும் அதில் பாத்தியம் உண்டு என்று இன்னொரு மனுவோடு வருவார். தீர்ப்பு வாங்கியவனின் துயரம் தீர்ப்புக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது என்று நீதிமன்றங்கள் நூறு வருஷத்துக்கு மேலாகச் சொல்லி வருகின்றன.

2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு சொத்து வழக்கு சேலத்தில் தொடங்கியது. 1980-ல் போட்ட கிரய ஒப்பந்தத்தில் முளைத்தது. தீர்ப்பாணை வாங்கிய பிறகும் நீண்டகாலம் இடம் கைக்கு வராமல் அந்தக் குடும்பம் அலைந்திருந்தது. அந்த ஒரு கட்டைப் பார்த்த உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லா உயர் நீதிமன்றங்களும் தங்கள் மாவட்டங்களில் நிலுவையிலுள்ள நிறைவேற்று மனுக்களின் கணக்கை வாங்கி, ஆறு மாதத்துக்குள் முடிக்கச் சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. அக்டோபரில் கணக்கு வந்தது. கர்நாடகத்திலிருந்து வரவில்லை. மற்ற மாநிலங்களில் மட்டும் 8 லட்சத்து 82 ஆயிரத்துக்கு மேல் நிலுவை. தமிழ்நாட்டில் 86 ஆயிரம் சொச்சம். அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருந்தது. அந்த ஆறு மாதத்தில் 3 லட்சத்து 38 ஆயிரத்துக்கு மேற்பட்ட மனுக்கள் முடிந்திருந்தன.

இந்தக் கடைசி எண்ணை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதே கட்டடம், அதே அமீனா, அதே காலி நாற்காலிகள். நிறைவேற்று மனு எத்தனை கிடக்கிறது என்று மேலிருந்து ஒருவர் கேட்டார், கட்டு நகர்ந்தது. கண்காணிப்பு என்ற அதிகாரம் 1862-லிருந்து கையில் இருக்கிறது. எதைக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முடித்த எண்ணிக்கையோடு, நகல் மனு கொடுத்து எத்தனை நாளில் நகல் கிடைத்தது, சம்மன் எத்தனை முறை திரும்பியது, டாக்கெட் தாளில் எத்தனை வாய்தா, தீர்ப்பாணைக்குப் பிறகு எத்தனை வருஷத்தில் சுவாதீனம் கிடைத்தது என்பதையும் ஒவ்வொரு மாதமும் கேட்கட்டும். தேசிய நீதித் தரவுத் தளம் 2015-லிருந்து இருக்கிறது. கேட்டால் பதில் சொல்ல இப்போது கணினியும் தயார்.

அமீனா ஒரு நாள் சர்வேயரோடு வந்து சங்கிலி பிடித்து, வேலியைப் பிடுங்கி, பழைய இடத்தில் கல் நட்டு, சுவாதீனம் ஒப்படைத்ததாக எழுதிக் கையெழுத்து வாங்குகிறார். அந்த அறிக்கைதான் கட்டில் சேரும் கடைசித் தாள்.

இனி ரிக்கார்டு ரூம். கட்டைப் பிரித்து, நீண்டகாலம் காக்க வேண்டியவை, சில வருஷம் வைத்தால் போதுமானவை என்று பகுதி பகுதியாகப் பிரிப்பார்கள். பதிவேடும் தீர்ப்பும் தீர்ப்பாணையும் நீடிக்கும். பேட்டா மெமோவும் சம்மன் நகலும் முதலில் போகும். எப்போது எதை அழிக்கலாம் என்று விதி வகுக்க உயர் நீதிமன்றத்துக்கு 1917-ம் வருஷத்து ஆவண அழிப்புச் சட்டம் அதிகாரம் தருகிறது. கரையானும் ஒழுகும் கூரையும் அந்த விதிக்குக் காத்திருப்பதில்லை. 2023-ல் ஒன்றிய அரசு ஒப்புக்கொண்ட இ-கோர்ட்ஸ் மூன்றாம் கட்டத்தின் 7,210 கோடி ரூபாயில் 2,038 கோடி பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து பாதுகாக்கத்தான். நல்ல செலவு. ஆனால் ஸ்கேன் எடுத்த கிரயப் பத்திரத்தைக் காட்டி வங்கியில் கடன் வாங்க முடியாது.

அதனால் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அப்பா, தாத்தா காலத்தில் நடந்து முடிந்த சிவில் வழக்கு ஏதாவது இருந்தால், அதில் மூலப் பத்திரம் சான்றாவணமாகக் குறிக்கப்பட்டிருந்தால், அது இன்னும் கோர்ட்டுக் கட்டிலேயே இருக்கலாம். மேல்முறையீட்டுக் கெடு தாண்டியிருந்தால், அல்லது மேல்முறையீடு முடிந்திருந்தால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 13-வது கட்டளை 9-வது விதியின்படி அதைத் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. வழக்கு எண்ணும் வருஷமும் தெரிந்தால் போதும். ஒரு மனு எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு வாங்கி வந்துவிடுங்கள். தள்ளிப் போடாதீர்கள்.